பாடம் மூன்றுக்குத் திரும்பவும்

"இடப்பக்கம் இழு சிவனாண்டி. மச்சான் தலை சாயுதுல்ல."

சவுக்குக் கம்பத்தில் தொற்றிக்கொண்டிருந்த சிவனாண்டி கயிற்றை இழுத்துக் கட்டினான். பத்தடி பிளக்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்ட தவசி நிமிர்ந்து, சமயநல்லூர்த் தெருவை ஓர் அமைச்சரின் அலட்சியத்தோடு பார்த்தார். உயிரோடு இருந்தவரை தவசி யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடியும் போட்டதில்லை. அது, அழகு டிஜிட்டல்ஸில் யார் செத்தாலும் போட்டுவிடும் கண்ணாடி.

கீழே நின்ற கடை முதலாளி அழகுபாண்டி இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்தான். தவசிக்கு இடப்புறம் ஒரு சிங்கம், வலப்புறம் பூட்டை உடைத்துக்கொண்டு பறக்கும் புறா. நடுவில், 'சங்கேதச் சிங்கம் சாய்ந்ததே! கணினி உலகம் காய்ந்ததே!' அடியில், 'கண்ணீருடன் மைத்துனர் அழகுபாண்டி, அவனியாபுரம்'. கீழ் மூலையில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம். கடைகளில் காசு கட்ட வைத்திருக்கும் ஸ்கேனர் மாதிரி. அதைச் சேர்த்தது தன் தனிப்பட்ட யோசனை என்பதில் அவனுக்குப் பெருமை. நேற்று மதியத்திலிருந்து ஓடி ஓடி, அழுவதற்குக்கூட நேரம் ஒதுக்காமல் முடித்த வேலை.

தெருவுக்குள்ளே, சாமியானாவுக்கு அடியில், ஐஸ் பெட்டியில் அசல் தவசி படுத்திருந்தார். நேற்றுக் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர். அவர் மனைவி, அழகுபாண்டியின் அக்கா செல்லத்தாய், காபியை வைத்துவிட்டுப் போனாள். டம்ளரை எடுக்க வந்தபோது காபி ஆறிப்போயிருந்தது. அவரும் அப்படியே.

தவசி ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். மற்ற வாத்தியார்கள் மாலையில் டியூசன் எடுத்தபோது இவர் 'பூட்டுப்பள்ளி' என்றொரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். ரகசியச் செய்தியை எப்படிப் பூட்டுவது, பூட்டியதை அடுத்தவன் எப்படி உடைப்பான், உடையாத பூட்டு எப்படி இருக்கும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லித்தரும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் நிரலையும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

"பூட்டைப் பத்திச் சொல்ற சாமானைப் பூட்டாமப் போட்டு வச்சிருக்கீங்களே மச்சான்?" என்று அழகுபாண்டி ஒருமுறை கேட்டான்.

"பூட்டு எப்படிச் செஞ்சிருக்குன்னு ஊருக்கே தெரியலாம் மாப்ள. சாவி மட்டும் வெளிய போகக் கூடாது" என்றார் தவசி.

அழகுபாண்டிக்குப் பாதிதான் புரிந்தது. மச்சான் பெரிய ஆள் என்பது முழுதாகப் புரிந்தது. அதனால்தான் பூட்டுப்பள்ளி முதல் பதிப்பு வெளியான அன்று, யாரும் கேட்காமலே, பள்ளிக்கூட வாசலில் ஒரு பிளக்ஸ் வைத்தான். அதில் தவசி ஒரு பெரிய சாவியைக் கதாயுதம் போலத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்குள் தவசி வந்து, "மாப்ள, இதை இறக்கிரு. ஸ்டாப்ரூம்ல சிரிக்கிறாங்க" என்றார். அவன் "சரி மச்சான்" என்று இறக்கினான். அந்தப் பிளக்ஸ் ஓர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிப் போனது. அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் இன்றைக்கு மச்சானால் இறக்கச் சொல்ல முடியாது. பூத்தேர் இந்தத் தெருமுனையைத் தாண்டும்போது மச்சான் மேலேயிருந்து பார்ப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அழுவது என்று அழகுபாண்டி முடிவு செய்திருந்தான்.

பந்தலுக்குள் அழகம்மாள் கிழவி ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துத் தெருக்காரி, எந்த வீட்டுச் சாவுக்கும் தகுந்தபடி பாட்டுக் கட்டுகிறவள்.

"பொட்டி தட்டிப் பொட்டி தட்டி பொழுதெல்லாம் போனதய்யா... தட்டுன கை ஓஞ்சு போச்சே, தங்கமே நீ எந்திரய்யா..."

அதற்கு நடுவில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் முனைவர் கண்ணுச்சாமி. ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது துறைக்குத்தான் என்பார்கள். 'பூட்டுப்பள்ளி வளர்ச்சித் திட்டக் குழு'வின் தலைவர். குழுவில் அவர், தவசி, தவசியின் பழைய மாணவன் ஆரிப் என்று மூன்று பேர். துணைக்குழுக்களிலும் அதே மூன்று பேர். கண்ணுச்சாமி திட்டம் எழுதுவார். தவசி "சரிங்க சார்" என்பார். பிறகு வீட்டுக்குப் போய்த் திட்டத்தில் இல்லாததை எழுதுவார். ஆரிப் அதில் பிழை பார்ப்பான்.

கண்ணுச்சாமி ஒரு கையில் மாலையும் மறு கையில் சுருள்கம்பி போட்ட தடித்த புத்தகமுமாக வந்தார். மாலையை வைத்தார். புத்தகத்தையும் ஐஸ் பெட்டியின் மேல் வைத்தார்.

"பூட்டுப்பள்ளியின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம்" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். "நேற்றுதான் பைண்டிங் முடிந்து வந்தது. இரண்டாம் பதிப்பு வெளியீடு, மூன்றாம் பதிப்புக்கான கொள்கை வரைவு, உலக மாநாடு, அனைத்தும் இதில் உண்டு. தவசி இதைப் பார்க்காமல் போய்விட்டார்."

"நல்லவேளை" என்று யாரோ சொன்னார்கள். அது வேறு பேச்சுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம்.

"யாருப்பா இவரு, கட்சிக்காரரா?"

"கட்சிக்காரருன்னா இந்நேரம் முடிச்சிருப்பாரே."

ஐஸ் பெட்டிக்காரன் வந்து, கண்ணாடி மேல் பாரம் வைக்கக் கூடாது என்று புத்தகத்தை எடுத்துக் கண்ணுச்சாமி கையிலேயே கொடுத்தான்.

அந்த நேரம்தான் ஆரிப் தெருமுனையிலிருந்து ஓடி வந்தான். காஜிமார் தெருக்காரன், சாதாரணமாக அவன் நடப்பதே தெரியாது. வந்து அழகுபாண்டியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான்.

"அண்ணே, பிளக்ஸ்ல அந்தக் கட்டம் எங்கருந்து எடுத்தீங்க?"

"மச்சான் கம்ப்யூட்டர்லதேன். போட்டோ தேடுறப்ப 'ரகசியச் சாவி, யாரும் திறக்கக் கூடாது'ன்னு ஒரு போல்டர் இருந்துச்சு."

"பேரைப் பாத்துமா எடுத்தீங்க?"

"பேரைப் பாத்துத்தேன் எடுத்தேன். முக்கியமான ஐட்டமா இருக்கும்னு."

ஆரிப் தலையில் கை வைத்து, அங்கேயிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். "யா அல்லாஹ்."

"ஏன், மங்கலா விழுந்திருக்கா?"

"அண்ணே, அது சாரோட கையெழுத்து மாதிரி. புது வெர்சன் விடும்போது அந்தச் சாவியை வச்சுத்தான் சார் முத்திரை போடுவாரு. முத்திரை இருந்தாத்தான் ஸ்கூல் கம்ப்யூட்டருங்க ஏத்துக்கும். இப்ப எவன் வேணா அதை ஸ்கேன் பண்ணி எடுத்து, சார் பேர்ல என்ன கண்ட்ராவியை வேணா அனுப்பலாம். அம்புட்டுப் பிள்ளைங்க கம்ப்யூட்டருக்கும் போகும். அதைப் போய் ரோட்டுல, பத்தடிக்கு..."

"பத்துக்கு எட்டு" என்றான் அழகுபாண்டி, தொழில் பழக்கத்தில்.

"இறக்கணும்ணே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அழகுபாண்டிக்கு, செத்த பிறகும் மச்சான் ஆள் அனுப்பி இறக்கச் சொல்கிறாரோ என்றிருந்தது.

"இறக்க முடியாது ஆரிப்பு. தேரு அதைத் தாண்டிப் போகணும். அதுக்கு முன்னாடி இறக்குனா சபையில என் மூஞ்சியில எவன் முழிப்பான்? எங்கக்காவைக் கட்டுனவருக்கு நான் செய்யுற கடைசி மரியாதை அது."

விஷயம் கண்ணுச்சாமிக்குப் போனது. அவர் முகத்தில் துக்கம் விலகி ஒரு தெளிவு வந்தது. அவசரக் கூட்டம் என்றார். கொட்டுக்காரர்கள் பறை காய்ச்சிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் டிரம்மை ஒட்டிக் கூட்டம் கூடியது. மொத்த உறுப்பினர் மூவர். வந்திருப்போர் இருவர். ஒருவர் தகுந்த காரணத்தால் வர இயலவில்லை.

"திட்டத்தில் இடர் மேலாண்மை என்று தனி அத்தியாயமே இருக்கிறது" என்று புத்தகத்தைப் புரட்டினார். விரலை ஓட்டி வாசித்தார். "'சாவி வெளிப்படும் பட்சத்தில், குழு உடனடியாகக் கூடி உரிய முடிவெடுக்கும்.'"

"சரி சார். கூடிட்டோம்" என்றான் ஆரிப்.

கண்ணுச்சாமி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அது உலக மாநாட்டின் உணவு ஏற்பாடு.

"என்ன சாவின்னு நீங்க ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று அழகுபாண்டி கேட்டான்.

இருவரும் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அடுத்தவங்க ரகசியச் சாவியைப் பாக்குறது பெரிய தப்புண்ணே. அது எங்க பழக்கத்துலயே கிடையாது" என்றான் ஆரிப். கண்ணுச்சாமி அதை ஆமோதிக்கும் வகையில் பிளக்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

கடைசியில் அழகுபாண்டிதான் வழி சொன்னான். பிளக்ஸை இறக்க வேண்டாம், கட்டத்தை மட்டும் மறைத்தால் போதும். பேப்பர் ஒட்டினால் பிளக்ஸில் நிற்காது. ஸ்டிக்கர்தான் வேண்டும். சிவனாண்டி அவனியாபுரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். அவன் வரும்வரை? ஆரிப், தவசியின் கம்ப்யூட்டரில் அந்தச் சாவியைச் செல்லாததாக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழகுபாண்டி அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்து வர வேண்டும். அவன் வராமல் அக்கா எழுந்திருக்க மாட்டாள். மிச்சம் இருந்தது தலைவர்.

முனைவர் கண்ணுச்சாமி ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தை விரித்து, கட்டத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அளவு கச்சிதமாக இருந்தது. திட்டம் எழுதி முடித்த நாளிலிருந்து அது ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுவே முதல் முறை.

வெயில் ஏறியது. துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் அவரைத்தான் பார்த்தார்கள். பிளக்ஸைக் கட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்குத் தாங்க முடியாத துக்கம் என்று நினைத்து, இரண்டு பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓவென்று அழுதார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்கிய உக்கிரபாண்டி, தவசிக்குப் பெரியப்பா முறை, மீசையைத் தடவிக்கொண்டு நேரே அவரிடம் வந்தார்.

"ஐயா யாரு?"

"முனைவர் கண்ணுச்சாமி. வளர்ச்சித் திட்டக் குழுத் தலைவர்."

"நல்லது. காத்துக்கு விழுகாமப் புடிச்சிருக்கீக. நல்லா இருப்பீக." தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

கோடிச் சேலையோடு அழகுபாண்டி தெருமுனைக்குத் திரும்பியபோது, அங்கே டீ வந்திருந்தது. காகிதக் கப்பை யாரோ நீட்ட, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத கண்ணுச்சாமி ஒரு கையை எடுத்தார். ஒரு கையால் பிடிக்கும் அளவுக்கு மெல்லிய திட்டமா அது? சரிந்து விழுந்தது. மாலை போட்டுவிட்டு டீக்கு வந்திருந்த உக்கிரபாண்டி பார்த்துவிட்டார்.

"இந்தா ஸ்கேனரு! செய்முறைக் காசு எழுத ஆளைத் தேடிக்கிட்டு அலையுறேன், இதைப் போயி மறச்சுக்கிட்டு நிக்கிறீகளே!"

"வேண்டாம்! ஸ்கேன் செய்யாதீர்கள்!" கண்ணுச்சாமி குறுக்கே பாய்ந்தார். டீ அவர் சட்டையில் பாய்ந்தது. அழகுபாண்டி ஓடி வருவதற்குள் பெரியவரின் போன் 'டிங்' என்றது.

"என்னமோ எழுத்தா வருது. கண்ணாடி கொண்டாரல. வாசிங்க சார்" என்று போனைக் கண்ணுச்சாமியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

கண்ணுச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு ஒன்றைத் திறந்தார். ஆயுள் முழுக்க மேடையில் காகிதம் கண்டால் வாசித்தே பழகிய மனிதர். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"'வணக்கம். ரகசியச் சாவி என்று எழுதியிருந்தால் உடனே எடுத்துவிடுவதா?'" குரல் தெருமுனை முழுக்கக் கேட்டது. "'பூட்டு உடையவில்லை. நீதான் உடைந்தாய். இது சாவி அல்ல, பாடத்துக்கான பொறி. வெட்கப்பட வேண்டாம், எல்லோரும் மாட்டுவார்கள்.'" இப்போது குரல் இறங்கியது. "'பாடம் மூன்றுக்குத் திரும்பவும். அன்புடன், தவசி சார்.'"

கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்த ஆரிப், போனை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

"பொறியா? மூணாவது பாடத்துலயா?" என்றான். "சார், பாடமெல்லாம் குழு பரிசோதிச்சதுன்னு திட்டத்துல போட்ருந்தீங்களே?"

கண்ணுச்சாமி கீழே கிடந்த திட்டத்தை எடுத்துத் தூசி தட்டினார். முதல் பக்கத்திலேயே இருந்தது. 'அனைத்துப் பாடங்களும் குழுவால் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டவை.' கீழே அவர் கையெழுத்து.

"நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

"நான் பிழை மட்டுந்தான் சார் பாப்பேன். பாடத்தை நீங்க பாத்திருப்பீங்கன்னு..." ஆரிப் முடிக்கவில்லை. அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அழகுபாண்டியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆரிப்புக்கும் தெரிந்திருக்காது.

"ஏம்ப்பா, இப்ப என்னாதேன் சொல்றான் தவசி?" என்றார் உக்கிரபாண்டி.

"நம்ம எல்லாரும் பெயிலுன்னு சொல்றாரு மாமா" என்றான் அழகுபாண்டி.

"செத்தும் வாத்தியாராத்தேன் இருக்கான்."

அதற்குப் பிறகு தெருமுனையில் வரிசை நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனை நீட்டி, தவசியிடம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஸ்டிக்கரோடு வந்து சேர்ந்த சிவனாண்டியும் வரிசையில் நின்றான். பள்ளிக்கூடத்திலிருந்து சீருடையோடு வந்த பிள்ளைகள் மட்டும் ஸ்கேன் செய்யவில்லை.

"எங்களுக்குத் தெரியும். நாங்க போன வருசமே மாட்டிட்டோம்" என்றாள் ஒரு பெண்.

சாயங்காலம் தேர் கிளம்பியது. தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றது. மேலே கறுப்புக் கண்ணாடியோடு ஒரு தவசி, கீழே மாலைகளுக்குள் ஒரு தவசி. இந்த இடத்தில் அழுவது என்று அழகுபாண்டி முன்பே வைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பள்ளிக்கூட வாசலில் "இறக்கிரு மாப்ள" என்று சொன்னபோது மச்சான் முகத்திலும் சிரிப்பு இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது. "தூக்குங்கப்பா, நேரமாச்சு" என்று அதட்டிவிட்டு முன்னால் நடந்தான்.

அசல் சாவி எங்கே என்ற கேள்வி மிச்சமிருந்தது. கண்ணுச்சாமி தீர்மானம் நிறைவேற்றி, மரண வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. கருமாதி முடிந்த மத்தியானம் ஆரிப் லேப்டாப்போடு வந்து, சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அம்மா, சார் உங்ககிட்ட ஏதாச்சும் குடுத்து வச்சாரா? சின்னதா, பென் டிரைவ் மாதிரி?"

செல்லத்தாய் பூண்டு உரிப்பதை நிறுத்தினாள்.

"யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

"இருக்கா அப்ப!"

"இருக்குன்னும் சொல்லக் கூடாதுன்னாக. சொல்லிப்புட்டேன்."

"அக்கா, ரெண்டாவது பதிப்பு நிக்குதுக்கா. ஆரிப்பு நம்ம பிள்ளைதேன்" என்றான் அழகுபாண்டி.

"அதுக்கு? அவுக ஆளைப் பாத்துக் குடுன்னு சொல்லல. குடுக்காதன்னு சொன்னாக."

ஆரிப்பின் முகத்தில் மலர்ச்சி வந்தது. மூன்றாம் பாடத்தில் தேறிய ஒரே ஆளை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "குடுக்க வேணாம்மா. நான் சொல்றப்ப நீங்களே சொருகுங்க. வேலை முடிஞ்சதும் நீங்களே எடுத்துக்கங்க."

அவள் யோசித்தாள். "சரி. ரெண்டு பேரும் அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

சுவரைப் பார்த்து நின்ற இருவருக்கும், உப்பு ஜாடியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அடுப்பங்கரை மேடையில், உரித்த பூண்டுத் தோலுக்குப் பக்கத்தில், தவசியின் முத்திரையோடு பூட்டுப்பள்ளி இரண்டாம் பதிப்பு வெளியானது. வெளியீட்டு விழாவுக்குத் திட்டத்தில் ஒதுக்கியிருந்த மண்டபமும் குத்துவிளக்கும் அங்கே இல்லை.

ஆரிப்பை வழியனுப்பிவிட்டு அழகுபாண்டி முற்றத்துக்கு வந்தான். சந்தில் நின்ற தவசியின் டிவிஎஸ் வண்டியின் மேல், மழைக்குப் போர்த்தியிருந்தது அந்தப் பிளக்ஸ். கறுப்புக் கண்ணாடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டம் சீட்டின் மேல் வந்திருந்தது. அக்கா அதன் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் 'டிங்' என்றது.

"என்னாக்கா பண்ற?"

"தெனமும் ஒண்ணேதேன் சொல்றாகளா, மாத்தி ஏதாச்சும் சொல்றாகளான்னு பாக்குறேன்."

"அது மாறாதுக்கா. எம்புட்டு வாட்டி பாத்தாலும் அதேதேன் வரும்."

"ம். அவுக அப்படித்தேன்."

சேலைத் தலைப்பால் கட்டத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு போனை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய், மறுபடியும் பிடித்தாள்.